சொல்லாமல் விட்ட வீடு

நெடுங்கரம்பையில் மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இடையில் விட்டு வெறிக்கும், துணி காயப்போடலாம் என்று காத்திருந்தவர்கள் எல்லாம் ஓய்ந்துபோனார்கள். நட்டு நாற்பது நாள் ஆன சம்பாப் பயிர் மேட்டு வயல்களில் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. பள்ளத்து வயல்களில் வயல் எது வாய்க்கால் எது என்றே தெரியவில்லை. நன்னிலத்திலிருந்து வரும் மினி பஸ் நேற்றோடு நின்றுவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு வி.ஏ.ஓ. பிரகதீஸ்வரி ரெயின்கோட்டோடு மதிவதனி வீட்டு வாசலில் வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். மதிவதனி ஊரின் மகளிர் குழுத் தலைவி. மழைக்காலத்துக்கு என்று அமைத்த முன்னெச்சரிக்கைக் குழுவில் பள்ளத்தெருவுக்கு அவள்தான் பொறுப்பு. புருஷன் இளம்பரிதி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தான். மகள் செம்மொழி தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும் பெண்தானே என்று யாரும் அவளை ஒதுக்கவில்லை. எந்த வேலையைக் கொடுத்தாலும் முடித்துவிட்டுத்தான் உட்காருவாள் என்று ஊருக்கே தெரியும்.

“அக்கா, ஆத்துல இன்னும் தண்ணி கூட்டி விடறாங்களாம்” என்றாள் பிரகதீஸ்வரி. “வடிகாலும் கரை தொட்டு ஓடுது. எங்கயாவது உடைச்சுக்கிச்சுன்னா அரை மணி நேரம்கூட நமக்குக் கிடைக்காது. ரெண்டு மணிக்குள்ள பள்ளத்தெரு மொத்தமும் ஸ்கூலுக்கு வந்தாகணும்.”

பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு பட்டியலைக் கொடுத்தாள். நாற்பத்தொரு வீடு. வீட்டுக்காரர் பெயர், ஆள் எண்ணிக்கை, போன் நம்பர், கடைசிக் கட்டத்தில் தகவல் சொன்ன நேரம்.

“போன்ல சொல்லி விட்டுடாதீங்கக்கா. பாதிப் பேருக்குச் சார்ஜ் இருக்காது. வாசல்ல நின்னு ஆளைப் பாத்துச் சொல்லுங்க.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க போங்க மேடம்” என்றாள் மதிவதனி.

சொன்னபடி பார்க்கவும் செய்தாள். அன்று மதியம் பன்னிரண்டரை மணிவரை அவள் செய்த வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பிரபுவின் குட்டியானை வண்டியைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். ரேஷன் கார்டு, பட்டா, ஆதார் எல்லாவற்றையும் ஒரே பாலித்தீன் பையில் கட்டச் சொன்னாள். மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் மாத்திரையைக் கையிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஆடு மாட்டைக் கட்டிப்போடாமல் அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடச் சொன்னாள். “எங்க வீட்டுக்கு என்னைக்கு மதி தண்ணி வந்திருக்கு?” என்று கேட்ட கிழவரிடம் அரை மணி நேரம் நின்று வாதாடி, கடைசியில் அவருடைய ரேடியோவை முதலில் வண்டியில் ஏற்றினாள். அவர் பின்னாலேயே வந்து ஏறினார்.

நாற்பது வீடு முடிந்தது. நாற்பத்தொன்றாவது வீடு தெருவைத் தாண்டி, மதகுக்கு அந்தப் பக்கம், வடிகால் கரையோரமாகத் தனியாக இருந்தது. ரெத்தினம் வீடு. ரெத்தினத்துக்குச் சர்க்கரை. ஆடி மாசம் தஞ்சாவூரில் வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். புண் இன்னும் ஆறவில்லை, ஊன்றி நடக்க முடியாது. பட்டியலில் அவர் பெயருக்கு நேராக, ‘தூக்கி வர ஆள் தேவை’ என்று பிரகதீஸ்வரி சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

ரெத்தினம் மேல் மதிவதனிக்கு ஒரு வருத்தமும் இல்லை. இளம்பரிதிக்கு ஒன்றுவிட்ட மாமன் முறை. அவளை “மருமவளே” என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி தங்கம்மாளோடுதான் ஏழு மாசமாகப் பேச்சு இல்லை.

மே மாசம் கிராமசபைக் கூட்டத்தில் நடந்தது அது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, மழைக்கு முன்னால் தூர்வார வேண்டும் என்று மதிவதனி மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து தங்கம்மாள் எழுந்து, “மைக்கைப் பிடிச்சிட்டா படிச்சவளாயிட முடியுமா? பத்தாவதுல ரெண்டு தடவை பெயிலானவதானே நீ” என்றாள். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மதிவதனி எழுதிய நூறு நாள் வேலைப் பட்டியலில் தங்கம்மாள் பெயர் ஒரு வாரம் விட்டுப்போன கோபம் அது. வேண்டுமென்று விட்டதல்ல, கைத்தவறுதான். ஆனால் அதைச் சொல்ல மதிவதனிக்கு வாய் வரவில்லை. பேசவந்ததைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும் அவள் காதைவிட்டுப் போகவே இல்லை.

மதகுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மதகின் மேல் தண்ணீர் இல்லை, சேறுதான். வண்டி தாராளமாகப் போகும். நடந்து போனாலும் ஐந்து நிமிஷம். ரெத்தினம் வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை மழைக்குள் கசிந்துகொண்டிருந்தது.

தங்கம்மாளே போன் பண்ணட்டும் என்று தோன்றியது அவளுக்கு. ‘மதி, ஒரு வண்டி அனுப்பேன்’ என்று கேட்கட்டும். கேட்ட அடுத்த நிமிஷம் அனுப்பிவிடலாம். தானே இறங்கி வந்து அவரைத் தூக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க வேண்டும். வீட்டில் டிவி இருக்கிறது, தெரியாமலா இருப்பாள்? மணி ஒன்றுகூட ஆகவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது.

“கடைசி வீடு ஒண்ணு பாக்கி இருக்கேக்கா” என்றான் பிரபு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி.

“அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க. வண்டியைத் திருப்பு.”

யோசித்துச் சொன்னதல்ல. கேட்டான், வாயில் வந்தது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. வண்டி பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பட்டியலில் நாற்பத்தொன்றுக்கு நேராகப் பன்னிரண்டு நாற்பது என்று எழுதினாள். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணிப்போனது.

பள்ளிக்கூட மாடியில் நான்கு வகுப்பறை. எல்லாவற்றிலும் பாய் விரித்தாகிவிட்டது. கீழே சத்துணவுக் கூடத்தில் சாம்பார் சாதம் வெந்தது. ஊராட்சித் தலைவர் ராஜ்குமார் போனை எடுத்து வீடியோ பிடித்தார். “நாற்பத்தொரு வீடு! மூணரை மணி நேரத்துல மொத்தமும் காலி! நம்ம மதிவதனி அக்காவோட உழைப்பு!” என்று சொல்லி, பட்டியலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

பிரகதீஸ்வரி பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுப் பார்த்தாள். “ரெத்தினம் ஐயா?”

“பொண்ணு வீட்டுக்கு” என்றாள் மதிவதனி.

இரண்டாவது தடவை சொல்லும்போது அது கொஞ்சம் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பிற்பாடு அதிகம் வலித்தது.

இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. போனை இடுப்பில் செருகாமல் கையிலேயே வைத்திருந்தாள். அது ஒலிக்கவில்லை. மூன்றேகாலுக்கு மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் பிரபுவிடம் வண்டிச் சாவியைக் கேட்கலாமா என்று கீழே இறங்கினாள். அந்நேரம் பந்தி நடந்துகொண்டிருந்தது. கரண்டியை அவள் கையில் கொடுத்தார்கள். பரிமாறினாள்.

மூன்றே முக்காலுக்கு வடிகாலின் மேலண்டைக் கரை உடைத்துக்கொண்டது.

முதலில் சத்தம்தான் வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. எல்லாரும் மாடி வராந்தாவுக்கு ஓடினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் வயலைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தது. வைக்கோல் போர் ஒன்று அப்படியே கழன்று, முழுசாக மிதந்து, மின்கம்பத்தில் மோதிச் சிதறியது. கால் மணி நேரத்தில் பள்ளத்தெரு வீடுகளின் ஜன்னல் பாதிக்கு மேல் முழுகிவிட்டது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருத்தி, “மதி மட்டும் வந்து இழுத்துட்டு வரலேன்னா இந்நேரம் நாம எல்லாம்...” என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மதிவதனி கையை உருவிக்கொண்டு ஓரமாகப் போய்த் தங்கம்மாள் நம்பருக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆப். மறுபடி போட்டாள். மறுபடியும். கரண்ட் போய் இரண்டு நாள் ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. டிவி எங்கே ஓடும்? போனில் சார்ஜ் எங்கே இருக்கும்? அவளுக்குத் தெரியவே தெரிந்திருக்காது.

“நல்ல வேளைக்கா, அந்தக் கடைசி வீட்டு ஆளுங்க பொண்ணு வீட்டுக்குப் போனாங்க” என்றான் பிரபு பக்கத்தில் வந்து.

அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் போனது. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: உண்மையைச் சொல்லாமல் அவர்களை வெளியே கொண்டுவர ஏதாவது வழி இருக்கிறதா? பிரகதீஸ்வரியிடம் போனாள்.

“மேடம், எதுக்கும் ஒரு தடவை அந்தக் கடைசி வீட்டைப் பாத்துட்டு வரச் சொல்லலாமா?”

பிரகதீஸ்வரி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குக்கா போட்? வர்றது ஒரே ஒரு போட்தான். கீழக்கரைல எட்டுப் பேர் மொட்டை மாடியில நிக்கிறாங்க. நேரா அங்கதான் போகச் சொல்லிருக்கேன்” என்றாள்.

“ஆளிருக்கு” என்றாள் மதிவதனி.

“என்னது?”

“ஆளிருக்கு மேடம். ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க. நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.”

பிரகதீஸ்வரி அவளையே பார்த்தாள். திட்டவில்லை. முகம் வெளுத்துப்போனது. பிறகு திரும்பிக்கொண்டு போனில் பேசினாள். “சார், ஒரு திருத்தம். நெடுங்கரம்பைல மதகுக்குப் பக்கத்து வீட்டுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டிருக்காங்க. ஒருத்தரால நடக்க முடியாது. ஆமா சார், காலின்னுதான் சொன்னேன். என் தகவல் தப்பு சார். என் தப்புதான்.”

அந்தச் சின்னப் பெண் தன் தலையில் அதை எடுத்துப் போட்டுக்கொண்டதைக் கேட்டதும் மதிவதனிக்குக் கால் நிற்கவில்லை. படியில் இறங்கினாள். கடைசி நான்கு படி தண்ணீருக்குள் இருந்தது. இடுப்பில் சேலையை வரிந்துகொண்டு அடுத்த படியில் கால் வைத்தவளைப் பின்னாலிருந்து பிரகதீஸ்வரி தோளைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க போறீங்க? ஓடுற தண்ணி முழங்காலுக்கு இருந்தாலே ஆளைச் சாச்சிடும்னு இத்தனை வீட்டுல நீங்கதானே சொன்னீங்க? உங்களையும் சேர்த்துத் தேடணுமா நான்? மேல போங்கக்கா.”

மேலே போனாள். மேலே போய் நிற்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிரபு விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டான். அவளைப் பார்க்காமல் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். மற்றவர்களுக்குத் தெரியாது. மாடிக்கு ஏற்றிவந்திருந்த அடுப்பில் போட்ட டீயை ஒருத்தி கொண்டுவந்து நீட்டினாள். “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ” என்றாள். டம்ளரை வாங்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். அது அங்கேயே ஆறியது.

தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு மதகுப் பக்கம் திரும்புவது தெரிந்தபோது மணி ஐந்து. திரும்பி வரும்போது ஐந்தே முக்கால். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. படகில் எத்தனை தலை என்று எண்ணினாள். ஆரஞ்சுச் சட்டை மூன்று. நடுவில் போர்வை போர்த்திய ஒரு உருவம். அதன் பக்கத்தில் இன்னொன்று. மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவை எண்ணிய பிறகுதான் மூச்சு வந்தது.

ரெத்தினத்தைத் தோளில் தூக்கி வந்தார்கள். பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தவர் மதிவதனியைக் கண்டதும், “மருமவளே, உங்க அத்தை என்னைக் கட்டில் மேல கட்டிலப் போட்டு உத்திரத்தோட சேர்த்துச் சேலையால கட்டிட்டா. தொட்டில்ல கிடந்தது கணக்கா கிடந்தேன்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பாதத்தில் கட்டியிருந்த துணி பழுப்பாகச் சேற்றில் ஊறித் தொங்கியது. இரண்டு மணி நேரம் அந்தப் புண் தண்ணீரில் கிடந்திருக்கிறது.

தங்கம்மாள் நடந்துதான் வந்தாள். மார்பளவு தண்ணீரில் கட்டில் சாயாமல் முட்டுக்கொடுத்து நின்றவள். உள்ளங்கை இரண்டும் வெளுத்துச் சுருங்கி, விரல்கள் மடங்கவே இல்லை. பசுவை அவிழ்த்துவிட்டாளாம், அது நீந்திப் போனதாம். கன்றுக்குட்டிக் கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகிவிட்டது, அவிழ்க்க முடியவில்லை என்றாள். அதற்குமேல் கன்றைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தலையைத் துவட்டினாள், ஒருத்தி கையைத் தேய்த்தாள். “ஏங்கா, நீங்க பொண்ணு வீட்டுக்குப் போறதாச் சொன்னீங்களாமே? மதி சொன்னாளே. போகாம ஏன் நின்னீங்க?” என்று கேட்டது யார் என்று மதிவதனிக்கு நினைவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், கதவோரமாக நின்றிருந்தாள்.

தங்கம்மாள் நிமிர்ந்தாள். சுற்றியிருந்த முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். பார்வை அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

“ஆமா. போறதாத்தான் சொன்னேன்” என்றாள். “இந்த மனுஷனை எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு நின்னுட்டேன்.”

“நல்லா நின்னீங்க போங்க” என்று அவளையே கடிந்துகொண்டார்கள் பெண்கள்.

எல்லாரும் விலகிய பிறகு மதிவதனி ஒரு தட்டில் சூடாகச் சாதம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். தங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். விரல் மடங்காததால் சோறு கையிலிருந்து உதிர்ந்தது.

“ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“போறதாச் சொன்னேன்னு.”

தங்கம்மாள் மெதுவாக மென்றாள். “ஈர வெறகை ஊதிக்கிட்டு அடுப்படில உட்காந்திருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வெளில வந்து பாத்தேன். நீ மதகுக்கிட்ட நிக்கிற. சரி, நம்மளத்தான் கூப்பிட வர்றான்னு உள்ள போய் அவரோட வேட்டிய மாத்திவிட்டேன். திரும்பி வந்து பாத்தா வண்டி இல்ல.”

மதிவதனி கீழே உதிர்ந்திருந்த சோற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு ராத்திரி இத்தனை பேரும் உன் கையாலதான் சோறு வாங்கித் திங்கிறாங்க” என்றாள் தங்கம்மாள். “அவங்க முன்னால உன்னைக் கிழிச்சு எனக்கு என்ன ஆகப்போவுது? அடுத்த வருஷமும் மழை பெய்யும். அப்பவும் லிஸ்ட்டு உன் கையிலதான் இருக்கும். இவரு என்னைக்கும் நடக்கப்போறதில்ல. நீ என் வீட்டைத் தாண்டிப் போயிடக் கூடாது, அவ்வளவுதான். அதுக்குத்தான் சொன்னேன். உன் மேல பிரியத்துல சொல்லல.”

ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். இவள் தன்னிடம் பயந்துகொண்டு பேசுகிறாள் என்பதுதான் மதிவதனியால் தாங்க முடியவில்லை. அத்தனை வாய் உள்ள பெண், புருஷனுக்காக அவளிடம் அடங்கி உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆனது. அதற்குள் ரெத்தினத்துக்குக் காய்ச்சல் கண்டு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மதிவதனி போயிருந்தாள். வார்டுக்கு வெளியே டாக்டரை நிறுத்தி, அந்தத் தண்ணீர் படாமல் இருந்திருந்தால் கால் தங்கியிருக்குமா என்று கேட்டாள். “முன்னாடியே ரத்த ஓட்டம் சரியில்லம்மா. அப்படி உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் அவர். ஆமாம் என்றாவது இல்லை என்றாவது அவர் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த செம்மொழி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “தலைவர் போட்ட வீடியோவ எங்க கிளாஸ் மொத்தமும் பாத்துட்டாங்கம்மா. எங்க மேடம்கூட உன்னைப் பத்திக் கேட்டாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?” என்றாள். மகளின் தோளுக்கு அப்பால், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கம்மாள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மதிவதனி மகளை மெல்ல விலக்கிவிட்டு, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிப் பாட்டிலோடு வெளியே வந்தாள். பாட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

பிரகதீஸ்வரி ஊர்க்காரர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் ரேஷன் கடை வாசலில் பார்த்தபோது மட்டும், “அக்கா, ரிப்போர்ட்ல என் கவனக்குறைவுன்னு எழுதிட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கு. நான் பதில் எழுதிக்கிறேன். நீங்க அதைப் பத்தி நினைக்காதீங்க” என்றாள். நினைக்காமல் எப்படி இருப்பது என்று அவள் சொல்லவில்லை.

ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராமசபை. கொடியேற்றம் முடிந்ததும் ராஜ்குமார் பொன்னாடையோடு எழுந்தார். மதிவதனியை மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல் எழுந்தது. மகளிர் குழுப் பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பிரகதீஸ்வரி மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்திருந்தாள். பிரபு கூட்டத்துக்கே வரவில்லை.

பொன்னாடையை வாங்காமல் மைக்கை வாங்கினாள். என்ன பேசுவது என்று வீட்டில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

“நாப்பது வீடுதான்” என்றாள். “நாப்பத்தொண்ணு இல்ல. ரெத்தினம் மாமா வீட்டுக்கு நான் போகல. மதகுக்கிட்ட நின்னு பாத்துட்டு, போகாமத் திரும்பிட்டேன். அத்தை மேல எனக்குக் கோவம். பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நான் சொன்னது பொய். அத்தை என்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல. வி.ஏ.ஓ. மேடம் மேல ஒரு தப்பும் கிடையாது.”

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன. ராஜ்குமார் பொன்னாடையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “அடப் பாவி” என்றார், உரக்கக்கூட இல்லை. வெள்ளத்தன்று அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். யாராவது சிரித்தால் தேவலாம் போலிருந்தது மதிவதனிக்கு. யாரும் சிரிக்கவில்லை.

தங்கம்மாள் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“உன்னை யாரு சொல்லச் சொன்னா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. “சொல்லிட்டே. உன் நெஞ்சுப் பாரம் எறங்கிடுச்சு. நான்? இத்தனை பேரு முன்னால பொய் சொன்னவளாயிட்டேன். இனிமே வீட்டுக்கு வீடு வந்து எங்களைப் பாவம் பாவம்னு பாத்துட்டுப் போவாங்க. கால் திரும்பி வரப்போவுதா அவருக்கு?”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அடுத்து வந்த மாதங்களை மதிவதனி தலை குனிந்தே கடந்தாள். குழுத் தலைவி பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. செம்மொழியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவள் பிறகு சித்திரைக்குத்தான் வந்தாள். இளம்பரிதி, “தெரியாம நடந்துபோச்சு, விடு” என்றான். தெரிந்துதான் நடந்தது என்று அவனுக்குச் சொன்னாள்.

தங்கம்மாள் வீட்டுக்குப் போய் வர ஆரம்பித்தாள். முதல் மாசம் கதவு திறக்கவில்லை. பிறகு ரெத்தினம் உள்ளேயிருந்து “யாரு, மருமவளா? வா வா” என்று கூப்பிட்டதால் திறந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததாக ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை. கட்டுப் போடத் தஞ்சாவூர் போகும் நாளில் அவரை ஒரு பக்கம் தங்கம்மாளும் மறுபக்கம் மதிவதனியும் தாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். போய்த் திரும்பும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் பிரகதீஸ்வரி மழைக்காலக் கூட்டம் போட்டாள். மெமோவுக்குப் பதில் எழுதி, ஒரு எச்சரிக்கையோடு தப்பித்திருந்தாள். இந்த வருஷம் அவளாகவே ஒரு வழக்கம் வைத்தாள். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும்; தகவல் சொன்னதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வாங்க வேண்டும்; நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்குத்தான் வண்டி முதலில் போக வேண்டும். பள்ளத்தெருவுக்கு யார் என்று கேட்டாள்.

“நான் போறேன்” என்றாள் தங்கம்மாள்.

“கூட யாரு?”

மதிவதனி வாசலுக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அவளைப் போடுங்க” என்றாள் தங்கம்மாள். “எல்லா வீடும் அவளுக்குத்தான் தெரியும். யாரு எப்படிச் சொன்னா கேப்பாங்கன்னும் அவளுக்குத் தெரியும். எங்கூடயே வரட்டும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்ல.”

கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். பிரகதீஸ்வரி இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டாள்.

ஒத்திகைக்காக அன்றைக்கே தெருவில் இறங்கினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தங்கம்மாள் முன்னால் நடந்தாள். மதிவதனி ஒரு அடி பின்னால். முதல் வீட்டு வாசலில் தங்கம்மாள் நின்றாள், நகர்ந்து வழிவிட்டாள்.

மதிவதனி கூப்பிட்டாள். குரல் வாசப்படியைத் தாண்டவில்லை. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

“எனக்கே கேக்கல” என்றாள் தங்கம்மாள், அவள் முகத்தைப் பார்க்காமல். “சத்தமாக் கூப்பிடு.”